பால்கனி இல்லாத கதவு

பழைய கடைத்தெருவில் மொத்தம் நாற்பத்தாறு கட்டடங்கள். நாற்பத்தாறையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்து, தெருவின் இரண்டு முனையிலும் நீலப் பலகை நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருக்காரர்களுக்கு மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வேறு வண்ணம் அடிக்கக் கூடாது. உடைந்த ஓட்டை மாற்றினால் அதே மாதிரி ஓடு தேடிப் பிடிக்க வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் தன் பெயர்ப்பலகையை இரண்டு விரல் அகலம் தள்ளி மாட்டியதற்கு மூன்று கடிதம் வந்தது. "என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு உன்னிப்பா பாத்ததில்ல" என்று அவர் அந்தக் கடிதங்களை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் எண் கட்டடத்தில் பட்டன் கடை. அதை நடத்துகிறவளைத் தெருவே பட்டனக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வயது அறுபத்துமூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே கடை, மேலே வீடு, ஒற்றை ஆள். தொலைந்துபோன பட்டனின் ஜோடியைக் காட்டினால் போதும், அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. அலுவலகத் தமிழில் ஒன்றரைப் பக்கம். அதன் நடுவில், 'முகப்பில் முன்பு இருந்து பின்னர் இல்லாமல்போன பால்கனி, பழைய புகைப்படத்தின்படி அலுவலகச் செலவில் மீண்டும் அமைத்துத் தரப்படும்' என்று ஒரு வரி. அந்த வரியை அக்கா நின்றுகொண்டே நான்கு முறை படித்தாள். லேஸ் வாங்க வந்து எதிரே நின்ற பெண்ணுக்குக் கேட்டதைவிட இரண்டு மீட்டர் கூட வெட்டிக் கொடுத்துவிட்டாள்.

மாடியில் தெருவைப் பார்த்த முன்னறை. அந்த அறைச் சுவரின் நடுவில் ஒரு கதவு உண்டு. அதற்கு முன்னால் பெரிய துணி அலமாரி ஒன்றை நிறுத்தி மறைத்து வைத்திருந்தாள். அந்தக் கதவுக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. வெறும் காற்று, அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் ஆழத்தில் தெரு.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பால்கனி இருந்தது. ஒரு கோடை மதியம் மூன்று மணிக்கு அது இரும்புத் தாங்கிகளோடு பெயர்ந்து தெருவில் விழுந்தது. அதன்மேல் அக்காவின் தங்கை நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். அந்தப் பேரோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

அது நடந்து பத்தாம் நாள், அதே மூன்று மணிக்கு, அந்தக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. அக்கா அப்போதே ஓடிப்போய்த் திறந்தாள். வெயில்தான் இருந்தது. மூன்று நாள் சத்தம் இல்லை, நான்காம் நாள் திரும்பவும் தொடங்கியது. நிற்க இடமில்லாதவள் உள்ளே காலெடுத்து வைப்பது எப்படி என்று அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் அந்தத் தட்டல் கேட்காது. வெயில் ஏற ஏறத் தினமும் கேட்கும். வேறு யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு அலமாரியை நகர்த்தி வைத்தாள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே ஒருத்தியை நிறுத்திவிட்டு எப்படிப் போவது?

கடிதம் வந்த மறு வாரம் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள், கையில் அளவு நாடாவும் ஒரு பழைய புகைப்படத்தின் நகலும். மூன்று மணிக்குள் அவளை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று அக்கா பரபரத்தாள்.

"கீழ கடையில ஆள் இல்ல மேடம். நாளைக்குக் காலைல வாங்களேன், பொறுமையா அளக்கலாம்."

"பத்து நிமிஷ வேலைதாம்மா. ஒரு கை பிடிங்க."

இருவரும் சேர்ந்து அலமாரியின் காலுக்கடியில் பழந்துணியைத் திணித்து நகர்த்தினார்கள். பின்னால் கதவு. வெயில் படாத அதன் பச்சை வண்ணம் நேற்று அடித்தது போல இருந்தது. நடுவில் கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள். அதிகாரி, "ஆகா" என்று குழந்தைபோலக் குதூகலித்தாள். "அப்படியே இருக்கு! இந்தத் தெருவுல வேற யார் வீட்லயும் பழைய தாழ்ப்பாள் இல்லம்மா. நீங்க தெய்வம்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அதிகாரி பென்சிலை வாயில் கவ்வியபடி சட்டத்தின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று முறை.

"இருங்க, வர்றேன்" என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டே அதிகாரி தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்..."

"ஒண்ணும் இல்ல."

"இப்ப யாரோ தட்டினாங்களே."

"காத்து மேடம். பழைய மரம்."

அதிகாரி பக்கத்து ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு இலைகூட ஆடவில்லை. எதிர்க்கடை வாசலில் கடிகாரக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மூன்று தட்டு. அவசரமாக நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். பாதி அளவுதான் எடுத்திருந்தாள்.

படி இறங்கும்போது அக்கா பின்னாலேயே போனாள். "மேடம், ஒரு உதவி. பால்கனி வேண்டாம். அந்தக் கதவை செங்கல் வச்சு அடைச்சுக்க அனுமதி குடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"அடைக்க முடியாதும்மா. இருந்ததை எடுக்கக் கூடாது, இல்லாததைச் சேக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்." அதிகாரியின் முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. "போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே திரும்ப வரும். நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது."

புகைப்படத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அதில் தெருவின் முழு வரிசையும் இருந்தது. நான்காம் எண் பால்கனியில் வாலு கம்பியில் முழங்கையை ஊன்றி, படம் எடுப்பவனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

அந்த மதியம் நடந்ததில் ஊருக்குத் தெரிந்தது பாதிதான். மீதி அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அம்மா இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. இருபத்திரண்டு வயதில் அக்காதான் வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து அல்லாடிக்கொண்டிருந்தாள். தனக்கென்று ஆசையாக ஒரு சட்டை தைத்து மாட்டி வைத்திருந்தாள். வாலு கேட்காமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு மையைக் கொட்டிவிட்டு, பால்கனியில் போய் ஒன்றும் தெரியாதவள்போல நின்றாள். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அங்கேயே கிட. வெயில்ல காஞ்சாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று கதவை அறைந்து சாத்தித் தாழ் போட்டாள். வாலு முதலில் சிரித்துக்கொண்டே தட்டினாள். பிறகு, "அக்கா, கால் சுடுதுக்கா. திற" என்று தட்டினாள். கீழே வாடிக்கையாளர் யாரோ கூப்பிட்டார்கள். அக்கா இறங்கிப் போய்விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது.

தெருவே அலறிக்கொண்டு ஓடி வந்தது. அக்காவும் ஓடினாள். தெருவுக்கு இல்லை, மாடிக்கு. முதலில் தாழ்ப்பாளைத் திறந்தாள், கதவை விரிய இழுத்துவைத்தாள். அதற்குப் பிறகுதான் கீழே போனாள்.

கதவு திறந்திருந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள், தாங்கிகள் துருப்பிடித்ததைக் கவனிக்காதது வீட்டுக்காரரின் அலட்சியம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் என்றால் அப்பா. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து தெருவில் நடக்கவும் இல்லை. அப்போது தம்பிக்கு வயது பதினொன்று. வாலுதான் அவனுக்கு உலகம். அப்பாதான் கொன்றார் என்று மனதில் போட்டு வளர்த்துக்கொண்டே வந்தவன், பத்தொன்பது வயதில் ஒருநாள் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியேறினான். இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். தம்பி அடக்கத்துக்கும் வரவில்லை. வெளியூரில் பஸ் ஓட்டுகிறான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இந்த ஊர் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். நான்காம் எண் கட்டடத்தின் வாசலை முப்பத்துமூன்று வருஷமாக மிதித்ததில்லை.

அடுத்த மாதம் சாரம் கட்டினார்கள். கொத்தனார் பேச்சுக்காரர். கையில் கரண்டி ஒரு பக்கம் ஓடினால் வாய் இன்னொரு பக்கம் ஓடும். கூட வந்த இரும்புப் பட்டறைக்காரரோ பத்துக் கேள்விக்கு ஒரு தலையாட்டல். புதிய தாங்கிகளைப் பதிக்கச் சுவரைக் கொத்தியபோது பழைய தாங்கியின் அடித்துண்டு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் அதை நெம்பி எடுத்து, கடைக்குள் வந்து, மேஜைமேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார்.

"இதைப் பாருங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. "வெளிய தெரியற பாகம் நல்லா இருந்திருக்கு. சுவருக்குள்ள போன பாகம்தான் அரிச்சுப் பொடியாயிருக்கு. அந்தக் காலத்துல வெளிய நின்னு யார் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது. நான் பாத்திருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

"வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்காதா?"

"கடவுளுக்குத் தெரிஞ்சிருந்தா உண்டு."

அன்று மாலை அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். வீட்டுக்கு வா என்று சொன்னாள். மறுமுனையில் பஸ் இஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. "வியாழக்கிழமை லீவு" என்றான்.

அதற்குள் பால்கனிக்குத் தரை போட்டுவிட்டார்கள். கம்பி மட்டும் பாக்கி. தரை போட்ட அன்றிலிருந்து மூன்று மணிக்குக் கேட்கும் தட்டல் மாறிவிட்டது. தட்டலுக்கு முன்னால் நடக்கும் சத்தம் வந்தது. புதன்கிழமை கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்தபோது அவர் முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

"அக்கா, மேல பால்கனில யாராவது இருக்காங்களா?"

"கதவே இன்னும் திறக்கலையே."

"நான் அதுக்கு நேர் கீழ நிக்கறேன். தலைக்கு மேல யாரோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாங்க. நாலு எட்டு, ஒரு திரும்பல், நாலு எட்டு. கால் சுட்டா நடப்போமே, அந்த மாதிரி நடை." தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஒரு நாள் வேலை நின்றது; பிறகு தன் மச்சானை அனுப்பினார். மச்சானுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை தம்பி வந்தான். முதலில் எதிர்ப்பக்கம் நின்று புதுப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயது, முன் தலை வழுக்கை, பஸ் ஓட்டி ஓட்டி ஒரு பக்கம் சாய்ந்த தோள். அக்கா கடை வாசலுக்கு வந்து, "உள்ள வாடா" என்றாள். படியில் கால் வைக்கும்முன் ஒரு கணம் தயங்கி, நிலைச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

மாடி முன்னறையில் உட்கார வைத்து அந்த இரும்புத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். பட்டறைக்காரர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். தம்பி விரலால் அழுத்தினான். இரும்பு ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது.

"அப்ப அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுடா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நான் அவரைக் கொலைகாரன்னு சொன்னேன்கா. சாப்பிட உக்காந்திருந்தார். தட்டுல கைய வச்சிட்டு அப்படியே என்னைப் பாத்தார். ஒரு வார்த்தை சொல்லல." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓசையில்லாமல் அழுதான்.

அக்கா அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. அப்பாமேல் இருந்த பழி போய்விட்டது. தம்பி வீட்டுக்குள் வந்துவிட்டான். இரும்புதான் காரணம் என்று இரும்பே சாட்சி சொல்லிவிட்டது. இதற்கு மேல் யாருக்கு என்ன தெரிய வேண்டும்? நாற்பத்தொரு வருஷம் மூடியிருந்த வாய் இன்னும் கொஞ்ச காலம் மூடியிருந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நாலு எட்டு, ஒரு திரும்பல். பிறகு மூன்று தட்டு.

தம்பி தலை தூக்கினான். "வேலைக்காரங்க வெளிய மாட்டிக்கிட்டாங்க போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கதவுப் பக்கம் போனான்.

"திறக்காத!"

அக்கா போட்ட கூச்சலில் அவன் திடுக்கிட்டு நின்றான். "ஏன்கா?"

"வேலைக்காரங்க இன்னைக்கு வரல. அது வாலு."

அவன் அவளையே பார்த்தான். கதவு மறுபடி தட்டப்பட்டது. அவன் முகத்தில் பயம் வரவில்லை. அந்தத் தட்டல் அவனுக்குத் தெரிந்த தட்டல். சின்ன வயதில் குளியலறைக் கதவை அவள் அப்படித்தான் தட்டி உயிரை வாங்குவாள்.

"நான்தாண்டா தாழ் போட்டேன்" என்றாள் அக்கா. "சட்டையில மையக் கொட்டிட்டா. கோவத்துல வெளிய வச்சுத் தாழ் போட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி."

"தட்டினாளா?"

"தட்டினா. கால் சுடுதுன்னு சொன்னா."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"கடையில ஒருத்தருக்கு ஜிப் தேடிட்டிருந்தேன்."

அவன் கேள்விகள் ஒவ்வொன்றாக, தாழ்ந்த குரலில் வந்தன. "விழுந்த சத்தம் கேட்டதும்?"

"மேலதான் ஓடினேன். தாழைத் திறந்து வச்சேன். அப்புறம்தான் கீழ போனேன்."

"அப்ப அவளுக்கு உயிர் இருந்துச்சா?"

"தெரியலடா. நான் போறப்ப இல்ல. நேரா போயிருந்தா இருந்திருக்குமான்னு தெரியல. அதுதான் எனக்குத் தெரியல."

தம்பி இரும்புத் துண்டை மேஜைமேல் வைத்தான். சத்தம் வராமல், கண்ணாடியை வைப்பது போல வைத்தான். "அப்பா உங்கிட்ட கேக்கவே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை கேட்டார். கடைசில படுத்திருந்தப்ப. கதவு திறந்துதானேம்மா இருந்துச்சுன்னார். ஆமாம்ப்பான்னேன்."

அவன் படியிறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை நீலப் பலகையைத் தாண்டும்வரை அவன் சாய்ந்த தோளை அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

பத்து நாளில் கம்பியும் மாட்டி வண்ணமும் அடித்தாகிவிட்டது. அதிகாரி காலை ஒன்பது மணிக்கே வந்தாள்; மதியத்தில் வர அவளுக்கு எண்ணமில்லை என்பது தெரிந்தது. தெருவில் நின்று புகைப்படத்தோடு ஒப்பிட்டாள். கம்பியின் வளைவுகள், தாங்கியின் சுருள்கள், எல்லாம் அச்சாக இருந்தன. மேலே வந்து படிவத்தை விரித்தாள். அதில் 'கதவு திறந்து மூடுகிறதா' என்று ஒரு கேள்வி இருந்தது. கதவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"நான் அப்புறமா திறந்துக்கறேன் மேடம்" என்றாள் அக்கா.

அதிகாரி மறுபேச்சில்லாமல் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படியருகில் நின்று, தயங்கி, "நீங்க இங்க தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் அக்கா.

அன்று இரண்டரை மணிக்கு அக்கா கடையைச் சாத்தினாள். கடிகாரக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பகலில் அந்தக் கடை சாத்தி அவர் பார்த்ததில்லை. அக்கா மேலே போய், தையல் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெயைத் தாழ்ப்பாளில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நாற்காலியைக் கதவுக்கு முன் போட்டு உட்கார்ந்தாள். அவள் பயந்தது பேய்க்கு இல்லை. பதினேழு வயது முகத்தை அறுபத்துமூன்று வயதில் நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே என்றுதான் பயந்தாள்.

மூன்று மணி. காலடிகள் வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. மூன்று தட்டு.

"வர்றேன்" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருந்தது.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்தது. கதவை உள்பக்கம் இழுத்தாள். வெயில் அடுப்பு வாயைப்போல முகத்தில் அடித்தது. பால்கனியில் யாரும் இல்லை. புது வண்ணத்தின் நெடி, காலியான தரை, அதற்கு அப்பால் எதிர்வரிசை ஓடுகள். முதல் தடவை திறந்தபோதும் இப்படித்தான் ஒன்றுமில்லாமல் இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கதவை மூடவில்லை. ஒதுங்கி, சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றாள்.

அவள் கையை உரசிக்கொண்டு ஏதோ போனது. வெகுநேரம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்கள் பக்கத்தில் கடந்தால் அவர்கள் துணியிலிருந்து ஒரு சூடு வீசுமே, அந்தச் சூடு. மரத்தரை வரிசையாக அழுந்திச் சத்தமிட்டது. முன்னறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, உள்ளறைவரை அந்தச் சத்தம் போனது. பிறகு உள்ளறைக் கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. சுவரிலிருந்த படம் ஒன்று கோணிக்கொண்டது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஊர்ந்து போய் உள்ளறைக் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ குப்புறப் படுத்து மூச்சு வாங்குவது போலக் கேட்டது. அந்த அறை முதலில் வாலுவுடையதுதான். அவள் போன பிறகுதான் அக்கா அதில் படுக்க ஆரம்பித்தாள்.

"வாலு" என்றாள். "நான் தப்புப் பண்ணிட்டேன். நேரா உங்கிட்ட ஓடி வந்திருக்கணும்."

இருட்டும்வரை அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது, உள்ளே இருந்த தலையணையும் போர்வையும் மறுநாள் காலை நடையில் விட்டெறியப்பட்டுக் கிடந்தன.

அதற்குப் பிறகு பால்கனிக் கதவை யாரும் தட்டவில்லை. வெளியூரிலிருந்து தெருவைப் பார்க்க வருகிறவர்கள் நிமிர்ந்து பால்கனியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள்தான் நடமாட்டம். கீழே கடையில் அக்கா பட்டன் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மேலே ஓட்டமும் நடையுமாக இருக்கும். "மேல யாருக்கா? விருந்தாளியா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "தங்கச்சி" என்பாள். தெரிந்தவர்கள் அதற்கு மேல் கேட்காமல் சில்லறையை வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்கள்.

தினமும் மூன்று மணிக்கு அக்கா கடையை விட்டுவிட்டு உள்ளறைக் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்து பேசினாள். அப்பாவைப் பற்றி, தம்பியைப் பற்றி, அந்த மதியத்தைப் பற்றி. கதவு அசையவில்லை. ஒருநாள் கைப்பிடியில் கை வைத்தாள். தோல் பொத்துப்போகிற மாதிரி சுட்டது. அப்புறம் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை தம்பி வந்தான். கால்சட்டை முழங்காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. அப்பாவை அடக்கம் செய்த இடத்திலிருந்து நேராக வருகிறான் என்று அவன் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

"உன்னைப் பாக்க வரல" என்றான்.

"தெரியும்டா."

"உள்ள வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"பேசினாளா?"

"இன்னும் எங்கிட்ட பேசல. ரொம்பக் கோவமா இருக்கா."

தம்பி மாடியேறினான். அக்கா பின்னாலேயே போய் நடையில் நின்றுகொண்டாள். அவன் உள்ளறைக் கதவை விரல் கணுவால் மெதுவாகத் தட்டினான். "வாலு, நான்தான்" என்றான். ஐம்பத்திரண்டு வயது ஆளின் குரல் பதினொரு வயதுக்கு இறங்கிவிட்டது. உள்ளே எதுவோ எழுந்து நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. அவன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அக்கா ஒரு எட்டு முன்னால் வைப்பதற்குள் அது மூடிக்கொண்டது.

வெகுநேரம் அவன் குரல் மட்டும் கேட்டது. என்ன பேசினான் என்று தெரியவில்லை; நடுவில் ஒருமுறை சிரித்தான். அவன் சிரிப்புக்குப் பின்னாலேயே இன்னொரு சிரிப்பும் கேட்டது போல இருந்தது. கீழே யாரோ நூல் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். "இன்னைக்குக் கடை இல்ல" என்று அக்கா நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

தம்பி வெளியே வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. அக்கா ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

அவன் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். "கேக்கல" என்றான். கொஞ்சம் நின்று, "அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சொன்னபடி வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். ஒவ்வொரு முறையும் கதவு அவனுக்குத் திறக்கும். அக்கா நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் காலையில் கடை திறக்க இறங்குவதற்கு முன்னால் அந்தக் கதவுக்கு எதிரே நின்று, "வாலு, கீழ போறேன். கூப்பிட்டா உடனே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். இதுவரை அவள் கூப்பிடவில்லை.